மெய்நிகர் உருட்டல்

மெய்நிகர் உருட்டல் என்பது, மிக நீண்ட பட்டியலில் திரையில் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கிக் காட்டும் வலைப்பக்க நுட்பம் ஆகும். இது வர்ச்சுவல் ஸ்க்ரோலிங் என்றும் அழைக்கப்படுகிறது.

தேவை

உலாவி ஒவ்வொரு வரிக்கும் நினைவகத்தில் உறுப்புகளை உருவாக்கி, அவற்றின் இடத்தையும் தோற்றத்தையும் கணக்கிடுகிறது. வரிகள் பெருகப் பெருக இவ்வேலையும் பெருகும். எடுத்துக்காட்டாக, ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்பகுதிகள் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலின்போது 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். தமிழ்நாட்டில் இதுவே அதிகம். அத்தனை பெயர்களையும் ஒரே பக்கத்தில் இட்டால் விலை குறைந்த கைப்பேசி திணறி நின்றுவிடும்.

செயல்படும் முறை

ஒரு வரியின் உயரம் 40 படப்புள்ளிகள், பட்டியல் தெரியும் பகுதியின் உயரம் 800 படப்புள்ளிகள் எனக் கொள்வோம். ஒரு நேரத்தில் 20 வரிகளே தெரியும். பயனர் 4,00,000 படப்புள்ளிகள் உருட்டியிருந்தால், 4,00,000 ÷ 40 = 10,000 வரிகள் மேலே சென்றுவிட்டன. எனவே 10,001 முதல் 10,020 வரையிலான வரிகளை உருவாக்கினால் போதும். வேகமாக உருட்டும்போது வெற்றிடம் தெரியாதிருக்க, மேலும் கீழும் ஐந்தைந்து வரிகள் கூடுதலாக வைக்கப்படும். ஆக மொத்தம் 30 வரிகள். உருட்டுப்பட்டை சரியான அளவில் தெரிய, முழுப் பட்டியலின் உயரம் கொண்ட வெற்றுப் பெட்டி ஒன்று பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு செயலிகளில் 2014இல் அறிமுகமான ரீசைக்ளர்வியூவும் இதே கருத்தில் அமைந்தது.

வரம்புகள்

- 23 லட்சம் வரிகளுக்கு 9.2 கோடி படப்புள்ளிகள் உயரம் தேவை. குரோம் உலாவி ஏற்பது ஏறத்தாழ 3.3 கோடி மட்டுமே. எனவே மிகப் பெரிய பட்டியல்களைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடி வாரியாகவே வெளியிடப்படுகிறது.
- உலாவியின் 'பக்கத்தில் தேடு' வசதி, உருவாக்கப்படாத வரிகளைக் காணாது. பட்டியலில் இருக்கும் பெயரே நீக்கப்பட்டுவிட்டதாக ஒருவர் எண்ணிவிடக்கூடும். எனவே முழுத் தரவிலும் தேடும் தனித் தேடுபெட்டி இன்றியமையாதது.
- பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பட்டியலில் 30 வரிகளே உள்ளன எனக் கருதலாம். மொத்த எண்ணிக்கையையும் வரிசை எண்ணையும் நிரலில் குறிப்பிட வேண்டும்.

மாற்று முறை

சில ஆயிரம் வரிகளுக்குச் சிஎஸ்எஸ் மொழியின் 'கன்டென்ட்-விசிபிலிட்டி' பண்பே போதுமானதாக இருக்கலாம். இது 2020இல் குரோம் 85ஆம் பதிப்பில் வந்தது. வரிகள் பக்கத்திலேயே இருக்கும். திரைக்கு வெளியே உள்ளவற்றை வரையும் வேலை மட்டும் தள்ளிவைக்கப்படும். ஆதலால் பக்கத்தில் தேடும் வசதி கெடுவதில்லை.