அலை மேல் சவாரி

தக்கலையில் கடல் இல்லை. ஆனால் கடல் தூரத்திலும் இல்லை. குளச்சல் மீனும் முட்டத்து மீனும் தினமும் கூடையில் வந்து இறங்குகின்றன. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அலை காலைத் தொட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறார்கள். முட்டம் பாறை மேல் உட்காருகிறார்கள். சுண்டல் வாங்கித் தின்கிறார்கள். முழங்கால் வரை நனைகிறார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த அலையின் முதுகில் ஏறி நின்று, அப்படியே கரைக்கு வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அது ஒரு விளையாட்டு. "சர்ஃபிங்" என்று பெயர். தமிழில் அலைச்சறுக்கு என்கிறார்கள். ஒரு பலகை, ஒரு அலை, கொஞ்சம் தைரியம் வேண்டும். இவை மூன்றையும் விட முக்கியமான நாலாவது ஒன்றும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்று கோவளம்

தென்னாட்டில் மூன்று கோவளங்கள் இருக்கின்றன. ஒன்று கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள மீனவர் ஊர். இன்னொன்று திருவனந்தபுரத்தை அடுத்தது. மூன்றாவது, சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் இருப்பது. பின்னால் சொன்ன இரண்டும் இன்று அலைச்சறுக்குக்குப் பேர் போன ஊர்கள்.

சென்னைக் கோவளம் தக்கலையிலிருந்து சுமார் 700 கிலோ மீட்டர். ஆனால் கேரளக் கோவளம் பக்கத்து வீடு மாதிரி. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனால் 60 கிலோ மீட்டருக்குள் வந்துவிடும். காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பலாம்.

அங்கே 2005-ம் ஆண்டு ஓர் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கையான சட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பலகை கிடையாது! பலகைக்கு ஆசைப்பட்டுப் புத்தகத்தைத் தூக்கிய பிள்ளைகள் உண்டு.

மீனவர் வாத்தியார் ஆனார்

சென்னைக் கோவளத்தின் கதை இன்னும் சுவையானது.

மூர்த்தி மேகவன் அந்த ஊர் மீனவர். சிறு வயதிலேயே கிடைத்த மரப் பலகையை வைத்துக்கொண்டு அலையோடு மல்லுக்கட்டியவர். பிறகு ஒரு வெளிநாட்டுக்காரரின் பலகை இரவலாகக் கிடைத்தது. ஏறினார், நின்றார். அதன் பிறகு இறங்கவே இல்லை.

தாம் கற்றதை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு கை கொடுத்தார். 2012-ல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, அலை மட்டும்தான் என்பது அங்கே சட்டம். 2013-ல் அலைச்சறுக்கு விழா நடந்தது. தென் ஆப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்து கலந்துகொண்டார்.

அதே கடற்கரையில் இன்னும் சற்றுத் தெற்கே மாமல்லபுரம். 2023 ஆகஸ்டில் அங்கே உலகப் போட்டி ஒன்று நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் தனிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ராஜாக்கள் ஆடிய ஆட்டம்

இந்த விளையாட்டின் தாய்வீடு பசிபிக் தீவுகள். ஹவாயில் ராஜாவும் ஆடினார், மீனவரும் ஆடினார். 1779-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி அதைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். பின்னால் வந்த பாதிரிமார்களுக்கு அது பிடிக்கவில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்டம் மங்கிப் போயிற்று.

அதை மீண்டும் உலகறியச் செய்தவர் ட்யூக் கஹானமோக்கு என்ற ஹவாய் வீரர். 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கியவர். 1914-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பலகை மேல் நின்று காட்டினார். கரையில் கூடிய ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். ஒலிம்பிக்கில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

முதல் பாடம் மணலில்

புதிதாகக் கற்க வருகிறவரை உடனே கடலில் இறக்கிவிட மாட்டார்கள். முதல் பாடம் மணலில்தான்.

பலகை 8 அடி, 9 அடி நீளம் இருக்கும். மேல் பக்கம் மெத்தென்று இருக்கும். நீளமும் அகலமும் அதிகமானால் பலகை ஆடாது. அதன் மேல் குப்புறப் படுக்க வேண்டும். கால் விரல்கள் பலகையின் வால் பக்கம். கண் முன்னால். இரண்டு கைகளாலும் துடுப்புப் போடுவது போல் மணலைத் தள்ள வேண்டும். கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"எழும்பு!" என்று குரல் வந்ததும் உள்ளங்கைகளை விலாவுக்கு அருகில் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். ஒரே துள்ளலில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடங்கி இருக்க வேண்டும். விறைத்து நின்றால் கவிழ்ந்தீர்கள்! கீழே பார்த்தாலும் அப்படியே. பார்வை கரையிலிருக்கும் தென்னை மரத்தின் மேல் இருக்க வேண்டும்.

இதைப் பத்து இருபது தடவை செய்த பிறகுதான் தண்ணீர். கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு ஆழம் வரை போகிறார்கள். உயர்ந்து வரும் பச்சை அலை புதியவருக்கு இல்லை. உடைந்து, வெள்ளை நுரையாக உருண்டு வருகிறதே, அந்த அலைதான் அவருக்கு. வாத்தியார் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிடுகிறார்.

முதல் தடவை விழுகிறார். இரண்டாவது தடவை மண்டியிடுகிறார், விழுகிறார். மூக்கிலும் வாயிலும் உப்பு நீர். ஏழாவதோ, எட்டாவதோ, ஒரு தடவை எழுந்து நின்றுவிடுகிறார். இரண்டு விநாடிதான். ஆனால் அந்த இரண்டு விநாடியைப் பற்றி இரண்டு வருஷம் பேசுவார்!

விழுவதற்கும் பாடம்

விழுவதற்கும் முறை இருக்கிறது. தலைகுப்புறப் பாயக் கூடாது. ஆழம் குறைவு. தரை தலையைப் பதம் பார்த்துவிடும். மல்லாக்கவோ பக்கவாட்டிலோ தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். பலகை மேலே மிதந்துகொண்டிருக்கும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை நிற்கக் கூடாது. அலை அதைத் தூக்கி நெஞ்சில் அடித்துவிடும்.

அலையின் போக்கும் தெரிய வேண்டும். ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. கடல் தரை மெதுவாகச் சரிந்தால் அலையும் மெதுவாக உடையும். படிக்க ஏற்ற இடம் அது. தரை திடீரென்று இறங்கினால் அலை கரையிலேயே ஓங்கி அறையும். அங்கே பலகைக்கு வேலை இல்லை.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக் காற்றில் மேற்குக் கடல் சீறிக்கொண்டிருக்கும். அதுவும் புதியவர் இறங்கும் காலம் அல்ல.

கள்ளக் கடல்

இன்னொரு ஆபத்து, காற்று இல்லாத நாளிலும் வரும். வானம் தெளிவாக இருக்கும். மழையும் இருக்காது. திடீரென்று கடல் பொங்கிக் கரை ஏறும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அதற்குக் "கள்ளக் கடல்" என்று பெயர். பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், இந்துமாக் கடலின் தென்கோடியில் அடித்த புயல்தான் காரணம். அங்கே எழும்பிய அலை, நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேருகிறது.

2024 மே 6-ந் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவ, மாணவிகளை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் இறந்தார்கள். டாக்டர் ஆக வேண்டியவர்கள். கள்ளக் கடல் பற்றி ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை இன்றும் நாள்தோறும் வெளிவருகிறது. கடலுக்குப் புறப்படுமுன் அதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

கரையோரத்தில் ஏமாற்றும் இடம் ஒன்றும் உண்டு. இரண்டு பக்கமும் அலை உடையும். நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். குளிக்க வந்தவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அதுதான்! நீரோட்டத்தை மீனவர்கள் "நீவாடு" என்பார்கள். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

நாலாவது தேவை

பலகை, அலை, தைரியம் மூன்றையும் விட முக்கியமானது இதுதான். கடலைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அதற்கு ஹவாய் போக வேண்டாம். கட்டுமரத்தை அலை தாண்டித் தள்ளியவர்கள் குமரிக் கரை மீனவர்கள். வரிசையாக வரும் பெரிய அலைகளை எண்ணி, இடைவெளி பார்த்து இறக்குவார்கள். அந்தக் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்கே "கட்டமரான்" என்ற சொல்லைக் கொடுத்தது. சென்னைக் கோவளத்தில் மீனவர்கள் நல்ல வாத்தியார்கள் ஆனது பலகையால் மட்டும் அல்ல. பலகை வருவதற்கு முன்பே அவர்களுக்குக் கடல் தெரிந்திருந்தது.

அந்தப் படிப்பு முட்டத்திலும் குளச்சலிலும் குவிந்து கிடக்கிறது. தக்கலையிலிருந்து போகிறவர்கள்தான் அதைக் கேட்பதில்லை. பாறை மேல் நின்று படம் எடுக்கிறார்கள். மீன் விலை கேட்கிறார்கள். கடலைப் பற்றிக் கேட்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறவர்கள், தண்ணீரில் கால் வைக்குமுன் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் அருகில் போகட்டும். "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்கட்டும். அவர் தலை நிமிர்ந்து ஒரு தடவை கடலைப் பார்ப்பார். "வேண்டாம்" என்றால், சுண்டலோடு திரும்பிவிடலாம். "போங்க" என்றால், எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.