வீட்டுக் கணிப்பொறியில் இடநெருக்கடி

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடங்களும், பயணச்சீட்டுப் பதிவும், ஊரிலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுவதும் அதன் வழியே நடைபெறுகின்றன. இவற்றோடு, நாம் எண்ணிப் பாராத வேறொரு பொறுப்பையும் அது ஏற்றிருக்கிறது. ஊர்வீட்டில் பரணும் தகரப் பெட்டியும் கூடத்துச் சுவரும் செய்துவந்த வேலையை, மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டிப் புறப்படும் நமக்கு இக்கருவியே செய்து வருகிறது. தாத்தாவின் மணிவிழாப் படங்கள், நிலத்தின் பட்டா நகல், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் யாவும் அதனுள் அடக்கம். ஆகவே, இடம் போதவில்லை என்று அது அறிவிக்கும்போது, கண்ணிற்பட்டதை அழித்துவிட்டு மேலே நடப்பது விவேகமாகாது.

நம் குவார்ட்டர்ஸில் வசிக்கும் அன்பர் ஒருவர், கணிப்பொறி ஆமைபோல் நகர்கிறதென்று அதனைப் பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தார். கடைக்காரர் யாதொன்றும் வினவாமல், வட்டு முழுவதையும் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். இயந்திரம் குதிரைபோல் ஓடிற்று. ஆனால் அவர் மனைவியாரின் காலஞ்சென்ற தந்தையார், பேரனுக்குக் கதை சொல்லிய குரற்பதிவுகள் அதில் இருந்தன. பிரதி வேறெங்கும் இல்லை. "அண்ணா, எப்படியாவது மீட்டுத் தர முடியாதா?" என்று அவ்வம்மையார் நம்மிடம் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை.

ஏன் முடியாது என்பதைச் சற்று விளக்குவோம். சரக்குக் கிடங்கில் பதிவேடு எழுதும் நமக்கு இது எளிதில் புரியும். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது, பதிவேட்டில் அதன் பெயர் அடிக்கப்படுகிறதேயன்றி, மூட்டை உடனே வெளியேற்றப்படுவதில்லை. "இவ்விடம் காலி" என்று குறிப்பு எழுதப்படுகிறது. அவ்விடத்தில் வேறு சரக்கு இறங்கும்வரை பழைய மூட்டை கிடக்கும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததைச் சிலபோது மீட்க இயல்வது இதனாலேயே. அதன்மேல் விண்டோஸையே புதிதாக இறக்கிவிட்டால் மிஞ்சுவது சொற்பம். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகையிலோ, காலியென்று குறித்த இடத்தை இயந்திரமே விரைவில் துடைத்துவிடுவதால் மீட்சிக்குப் பெரும்பாலும் வழியில்லை.

நிற்க. இடத்தை அடைத்துக்கொள்வது எது என்று முதலில் அறிதல் வேண்டும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. ஒரு டன் எடையுள்ள அப்பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்கள் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படம் 3 அல்லது 4 மெகாபைட் ஆகிறது. அவ்வளவு பெரிய பெட்டியும் ஒரு படத்தோடு நிறைந்திருக்கும்! ஒரு நிமிடச் சலனப்படமோ 60 முதல் 130 மெகாபைட் வரை கொள்ளும்.

எழுத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. யூனிகோடு முறையில் 'த' என்னும் எழுத்துக்கு 3 பைட்டும், 'தி' என்பதற்கு 6 பைட்டும் பொதுவாகச் செலவாகின்றன. தந்தையாரின் கடிதமொன்று ஆயிரம் எழுத்துக்கள் கொண்டதாயின், தட்டெழுதி வைத்தால் சுமார் 5 கிலோபைட். அதாவது வாரம் ஒன்றாகப் பதினைந்தாண்டுக் கடிதங்கள் ஒரு புகைப்படத்தின் இடத்தில் அடங்கும். ஆதலால் இடம் தேடுவோர் எழுத்துக் கோப்புகளில் கைவைப்பது வீண். தேட வேண்டியது சலனப்படங்களில்.

(500 ஜிகாபைட் என்று வாங்கிய வட்டு 465 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று நம் சங்கத்தார் சிலர் ஐயுறுவதுண்டு. தயாரிப்பாளர் ஆயிரங்களாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1,024களாக எண்ணுகிறது. வேறு சூது இல்லை.)

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் 'ஸெட்டிங்ஸ்', 'ஸிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று முறையே சென்றால், எவ்வகைப் பொருள் எவ்வளவு இடம் கொண்டிருக்கிறது என்ற பட்டியல் காணப்படும். அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்னும் தற்காலிகக் கோப்புகளைத் தயக்கமின்றி நீக்கலாம். எனினும் ஒரு கண்ணி அங்கே உண்டு. அதே பட்டியலில் 'டௌன்லோட்ஸ்' என்பதும் நீக்கத்தக்கதுபோல் நிற்கும். பிள்ளைகளின் நுழைவுச்சீட்டும் வங்கிக் கணக்கின் நகலும் பல வீடுகளில் அங்கேதான் கிடக்கின்றன. அதற்கு எதிரே குறியிடாதீர்கள். பழைய விண்டோஸ் பதிப்பு என்று காட்டப்படுவது பல ஜிகாபைட் இருக்கும். புதிய பதிப்பு ஒழுங்காக இயங்கினால் அதனை நீக்கலாம், ஆனால் பின் பழையதற்குத் திரும்ப இயலாது. குப்பைத்தொட்டியாகிய 'ரீசைக்கிள் பின்' காலி செய்யப்படும்வரை அழித்தவை அதிலேயே இடத்தை அடைத்துக் கிடக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பென் டிரைவிலிருந்து அழிப்பவை அத்தொட்டிக்கே வருவதில்லை. அவை போனவை போனவையே.

அடுத்தது வாட்ஸப். தாமரை மலரோடு காலை வணக்கம் கூறும் படங்கள், ஒரே திருமணப் படம் சித்தப்பா ஒரு முறையும் அத்தை ஒரு முறையும் அனுப்பியவை, பாதி பார்த்து விட்ட நகைச்சுவைத் துண்டுகள். கைப்பேசியிலிருந்து அனைத்தையும் கணிப்பொறிக்கு மாற்றும் வழக்கமுள்ள வீடுகளில் இக்குவியலே முக்கால்வாசி. அன்பின் மிகுதியால் வருபவைதாம், மறுப்பதற்கில்லை; ஆயினும் அவற்றைக் காப்பாற்ற வேண்டிய கடமை நமக்கில்லை.

'ஒன்டிரைவ்' போன்ற இணையச் சேமிப்பைப் பயன்படுத்துவோர் மிக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அங்கே பிரதி இருக்கிறதே என்று வீட்டுக் கணிப்பொறியில் அழித்தால், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவையாதலால் அங்கும் அழிந்துவிடும். கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தினால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒரு வழி உண்டு. அதுவே இங்குள்ள இடத்தை விடுவித்து அங்குள்ளதைக் காக்கும். கட்டணமின்றிக் கிடைப்பது ஒன்டிரைவில் 5 ஜிகாபைட். கூகுளில் அஞ்சலும் படங்களும் உட்பட 15 ஜிகாபைட். ஒரு குடும்பத்தின் படங்களுக்கு இவை போதா.

எனவே தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுதலே நன்று. முதலில் பிரதி எடுக்க வேண்டும். பிறகு அப்பிரதியிலிருந்து பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகே மூலத்தை நீக்கலாம். மூலத்தை நீக்கிவிட்டால் வெளி வட்டில் இருப்பதும் ஒற்றைப் பிரதியாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதுவும் ஒருநாள் கைதவறி விழக்கூடிய பொருளே. இயன்றவர்கள் இரண்டாவது வட்டொன்றில் அதனையே ஏற்றி, விடுமுறைக்குச் செல்லும்போது ஊரிலுள்ள தமையனார் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வரலாம்.

இவ்வேலையைக் கணவர் மட்டும் தனியே இரவில் அமர்ந்து செய்வது நன்றன்று. எந்தப் படம் வேண்டும், எது வேண்டா என்பது இல்லத்தரசிக்கும் முதியோர்க்குமே தெரியும். நமக்கு மங்கலாகத் தோன்றும் படத்தில் ஓரத்தில் நிற்பவர் யார் என்று பாட்டியார் சொல்லக்கூடும். சொன்னவுடன் அப்பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் கோப்புப் பெயராகத் தமிழிலேயே எழுதிவிடுக. அதற்கு ஆகும் இடம் நூறு பைட்டுக்குச் சற்று மேல்.