மறைநூலுக்கு உயிரியல் தேர்வா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிற்றூர். 2004 அக்டோபரில் அந்தப் பகுதியின் பள்ளி வாரியம் ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. டார்வினின் கொள்கையில் இடைவெளிகள் இருப்பதையும், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ போன்ற மாற்றுக் கருத்துகள் இருப்பதையும் உயிரியல் மாணவர்களுக்கு உணர்த்த வேண்டும் என்றது தீர்மானம். உயிர்களின் உடலமைப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியாத அளவுக்குச் சிக்கலானது, ஆகவே ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டுத்தான் செய்திருக்க வேண்டும் என்பது அந்த மாற்றுக் கருத்து. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தைத் தொடங்குமுன் வாசிப்பதற்கென்று நான்கு பத்தி அறிக்கை ஒன்றும் தயாரானது. அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகத்தினரே வகுப்புக்குள் வந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே 11 பெற்றோர் நீதிமன்றத்தை நாடியிருந்தார்கள். இது அறிவியல் உடையில் வரும் மதப் போதனை, அரசுப் பள்ளியில் அதற்கு அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்பது அவர்கள் வாதம்.

இதைக் கடவுளை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் நடந்த சண்டை என்று நினைத்தால் தவறு. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டேறியவர் பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர்; கத்தோலிக்க நம்பிக்கையாளர். அதே தரப்பில் சாட்சி சொன்ன ஜான் ஹாட், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர். வழக்கை விசாரித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். பரிணாமத்தின் பக்கம் நின்றவர்களில் ஜெபிக்கிறவர்களும் இருந்தார்கள். அந்த வழக்கு நமக்கும் பாடம் தருவது இந்த இடத்தில்தான். பரிணாமத்தை மறுக்க மறைநூலை அழைத்தாலும் சரி, ‘எங்கள் நூல் இதை முன்பே சொல்லிவிட்டது’ என்று உரிமை கோர அழைத்தாலும் சரி, உயிரியல் வகுப்பில் மறைநூலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதால் அறிவியலுக்கு எவ்வளவு கேடோ, மறைநூலுக்கும் அவ்வளவு கேடு.

முதலில் சான்றைப் பார்த்துவிடலாம். ‘பரிணாமம் வெறும் கொள்கைதானே, யார் கண்ணால் பார்த்தது?’ என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 2018இல் இந்தியாவின் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை என்று வாதிட்டார். மில்லர் நீதிமன்றத்தில் சொன்ன ஒரு செய்தி இதற்கு நேரான பதில். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48, அதாவது 24 ஜோடி. இவர்கள் எல்லாரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால் நம்மிடம் ஒரு ஜோடி எங்கே போயிற்று? முழுக் குரோமோசோம் ஜோடி ஒன்று தொலைந்துபோனால் அத்தனை மரபணுக்களும் கூடவே தொலையும், உயிர் தங்காது. ஆகவே மூதாதையிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் மனித வழியில் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் தடயம் இருக்கும். குரோமோசோமின் இரு நுனிகளிலும் டீலோமியர் என்ற தனித்த டி.என்.ஏ. எழுத்து வரிசை உண்டு. நடுப்பகுதியில் சென்ட்ரோமியர் என்ற இடம் உண்டு. ஒட்டிய குரோமோசோமின் நடுவே, நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டீலோமியர் வரிசை எதிரெதிராக முட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்க வேண்டும். நம் இரண்டாம் குரோமோசோமில் இவை இரண்டுமே இருக்கின்றன. சிம்பன்சியின் எந்த இரண்டு குரோமோசோம்கள் அதற்கு ஈடானவை என்றும் தெரிந்துவிட்டது. இப்படி இல்லாமல் போயிருந்தால் பொது மூதாதை என்ற கருத்துக்குப் பெரிய அடி விழுந்திருக்கும். தோற்கக்கூடிய தேர்வை எழுதித் தேறிய கருத்து இது. அறிவியலில் கொள்கை என்பதற்குப் பொருள் அதுதான். மனம்போன ஊகத்துக்கு அங்கே அந்தப் பெயர் இல்லை. ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்குகள் இன்னும் ஏன் இருக்கின்றன?’ என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி.

கண்ணால் பார்த்த சான்றும் இல்லாமல் இல்லை. கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாப்னே மேஜரில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் பல பத்தாண்டுகள் குருவிகளைப் பிடித்து அலகை அளந்துவந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்து, உடைக்கக் கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. பெரிய அலகுள்ள குருவிகள் கூடுதலாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளின் அலகும் முந்தைய சராசரியைவிடப் பெரிதாக இருந்தது. இயற்கைத் தேர்வு கண்ணெதிரே நடந்தது. ‘தற்செயலாக இவ்வளவு நேர்த்தி எப்படி வரும்?’ என்ற மறுப்பும் இங்கே வலுவிழக்கிறது. குருவிக்குக் குருவி அலகு வேறுபடுவதில் தற்செயலுக்குப் பங்கு உண்டு. எந்தக் குருவி பிழைத்தது என்பதைத் தற்செயல் தீர்மானிக்கவில்லை, விதையின் கடினம் தீர்மானித்தது.

பள்ளி வாரியத்தின் பக்கம் சாட்சி சொன்னவர்களில் முதன்மையானவர் லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் கசையிழை, ரத்தம் உறையும் முறை, நோய் எதிர்ப்பு மண்டலம் ஆகியவற்றில் ஒரு பகுதியை எடுத்தாலும் முழுதும் பயனற்றுப் போகும், ஆகவே அவை படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். நேர்மையாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி இது, ஏளனத்துக்கு உரியதன்று. ஆனால் பதிலும் இருந்தது. கசையிழையின் புரதங்களில் ஒரு சிறு தொகுதி, பிளேக் கிருமி போன்ற சில பாக்டீரியாக்களில் பிற உயிரணுக்களுக்குள் நஞ்சைச் செலுத்தும் கருவியாக வேறு வேலை பார்க்கிறது. பகுதி குறைந்தால் பயனே இல்லை என்பது அங்கே பொய்த்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படி உருவானது என்பதற்கு அறிவியல் ஏடுகளில் பதிலே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் பல புத்தகங்களும் அவர் முன் அடுக்கப்பட்டன. அவை போதுமானவை அல்ல என்றார் அவர். அறிவியலுக்கு அவர் தந்த விரிந்த வரையறைப்படி பார்த்தால் ஜோதிடமும் அறிவியல் கொள்கையாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2005 டிசம்பர் 20 அன்று வந்த 139 பக்கத் தீர்ப்பு, அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது, மதப் படைப்புவாதத்தின் மறுவடிவமே அது என்று முடிவுசெய்தது. தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பு நடந்த தேர்தலில், போட்டியிட்ட வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்களே தோற்கடித்திருந்தார்கள்.

தீர்ப்பு சட்டத்தைப் பற்றியது. நம்பிக்கை உள்ளவர் மனத்தில் எழும் கேள்வி வேறு: பரிணாமத்தை ஏற்றால் படைத்தவனை இழக்க வேண்டுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வந்தபோது அமெரிக்காவில் அதற்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே, பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர். இருபதாம் நூற்றாண்டில் மரபியலையும் டார்வினையும் இணைத்தவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்சான்ஸ்கி, பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதுவுமே விளங்காது என்று 1973இல் கட்டுரை எழுதினார். அதே கட்டுரையில் தம் இறைநம்பிக்கையையும் மறைக்கவில்லை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று அறிவித்தார்; ஆன்மா மட்டும் இறைவனிடமிருந்து நேரே வருவது என்ற திருச்சபையின் போதனையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஐந்தாம் நூற்றாண்டின் புனித அகஸ்டின். ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போதே அவர் எச்சரித்தார்: இயற்கையைப் பற்றி அறியாதவற்றை வேதத்தின் பெயரால் பேசினால், அறிந்தவர்கள் வேதத்தையே நம்ப மறுப்பார்கள். டோவருக்கு 1,500 ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு பிஷப் சொன்னது இது.

நம் பக்கத்துச் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இங்கே பரிணாமத்தை மறுப்பவர்களைவிட, அதைத் தங்கள் நூல் முன்பே சொன்னதாக உரிமை கோருபவர்கள் அதிகம். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று வரும் தசாவதாரமே பரிணாமம் என்பார்கள். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே, டார்வினைவிடத் தசாவதாரம் மேலான விளக்கம் என்று ஒரு துணைவேந்தர் பேசினார். தமிழ் மேடைகளில் இந்த இடத்துக்கு மாணிக்கவாசகர் வருவார். திருவாசகத்தின் சிவபுராணத்தில் உயிர் எடுத்த பிறவிகளை அவர் அடுக்கும் வரிகளைக் காட்டி, டார்வினுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே தமிழன் கண்டுகொண்டான் என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அடுக்கில் மரத்துக்கு முன் புழு வருகிறது. பாம்புக்குப் பின் கல் வருகிறது. மனிதருக்குப் பின் பேய்களும் அசுரர்களும் தேவர்களும் வருகிறார்கள். உயிரியல் பாடமாக எடுத்துக்கொண்டால் அது தேறாது. மாணிக்கவாசகர் அதை உயிரியலாகப் பாடவும் இல்லை. ஓர் உயிர் மாறி மாறிப் பிறந்து இளைத்த களைப்பையும், அதிலிருந்து விடுபடும் ஏக்கத்தையும் இறைவனிடம் முறையிடுகிற பாட்டு அது. டார்வின் சொல்லும் பரிணாமத்தில் ஓர் உயிர் உடல் விட்டு உடல் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தின் இயல்பு மாறுகிறது. தசாவதாரத்திலும் மீனின் வயிற்றில் ஆமை பிறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திருமாலே இறங்கி வருகிறார். இவற்றை டார்வினுக்கு முன்னோட்டமாக்கும்போது, பாட்டின் கண்ணீரும் போகிறது, அவதாரத்தின் கருணையும் போகிறது. மிஞ்சுவது மதிப்பெண் வாங்காத ஓர் உயிரியல் விடைத்தாள். திருவாசகத்தை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் எதிர்க்க வேண்டும்.

‘முதல் உயிர் எப்படி வந்தது என்று அறிவியலுக்கே தெரியாதே’ என்ற மறுப்பு மிஞ்சுகிறது. இரண்டு கேள்விகளை இங்கே பிரித்துவைக்க வேண்டும். உயிர்கள் எப்படிப் பலவாயின என்பதற்கே பரிணாமம் பதில். உயிர் எப்படித் தொடங்கியது என்பது வேறு ஆராய்ச்சி. டார்வின் 1871இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான சிறு குட்டையில் அது தொடங்கியிருக்குமோ என்று ஊகித்ததோடு நிறுத்திக்கொண்டார். 1924இல் ரஷ்யாவில் ஓப்பரினும், 1929இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் ஆதிக் கடலின் வேதிப்பொருள்களிலிருந்து உயிர் வந்த வழியை வரைந்து பார்த்தார்கள். 1953இல் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். ஆதி வளிமண்டலம் அப்படித்தான் இருந்ததா என்பதில் பின்னர் ஐயம் எழுந்தது. ஆனால் 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்தன. அமினோ அமிலத்திலிருந்து உயிரணு வரை இன்னும் நீண்ட தூரம். முழு விடை கையில் இல்லை. அந்த இடைவெளியில் கடவுளை உட்கார வைக்கலாமா? நாஜிகளின் சிறையிலிருந்து 1944இல் எழுதிய கடிதத்தில் லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் இதை மறுத்தார். அறிவின் ஓட்டையை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவு வளர வளரக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்றார். பீஹியின் முன் அடுக்கப்பட்ட அந்தக் கட்டுரைகளை நினைத்தால் போன்ஹோஃபரின் கவலை புரியும்.

இதே நியாயம் நாத்திகத்துக்கும் பொருந்தும். பரிணாமம் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டது என்பவரும் எல்லை தாண்டுகிறார். ஆறாயிரம் ஆண்டுக்கு முன் ஆறு நாளில் எல்லா இனங்களும் இன்றைய வடிவில் படைக்கப்பட்டன என்ற கூற்றை அறிவியல் சோதிக்கலாம், அது பொய்த்தும்விட்டது. இந்த உலகம் ஏன் இருக்கிறது, அதற்கு நோக்கம் உண்டா என்பதைக் குரோமோசோமை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியாது. உயிரினங்கள் ஒன்றையொன்று தின்று பிழைக்கும் இந்தக் கொடுமையைக் கருணையுள்ள கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற கேள்வி டார்வினையே உறுத்தியது. கனமான கேள்விதான். ஆனால் அதை இறையியலும் மெய்யியலும் எதிர்கொள்ள வேண்டும்.

எல்லைகளைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கக் கிடைக்கும் இடம் பள்ளி. இந்தியாவில் அந்த இடமே சுருங்கியிருக்கிறது. கொரோனா காலப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று தேசியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தது. 2023இல் அச்சான புத்தகத்திலும் அது திரும்பவில்லை. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது வந்த பதில். வணிகவியலோ கணினியோ எடுத்துப் போகிற பிள்ளை அந்த வகுப்பைப் பார்க்கவே போவதில்லை; ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஏன் பெருகுகின்றன என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் விளக்குவது? தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இடம்பெற்றிருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியருக்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை தொலைவில்லை. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் அங்கே பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அதே ஊரில்தான் பௌர்ணமிதோறும் கூட்டம் சேரும் வக்கிரகாளியம்மன் கோயிலும் இருக்கிறது. மாணவர்களை இரண்டுக்குமே ஒரே பேருந்தில் கூட்டிப்போகலாம்.