எக்ஸ்ரேவில் மெழுகு வழிந்த மாதிரி எலும்பு... கேன்சரா? மெலோரியோஸ்டோசிஸ் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கால் மட்டும் வலிக்கிறது. முட்டியை முழுசா நீட்ட முடியவில்லை. தோலும் அங்கே இறுகிக் கிடக்கிறது. தைலம் தேய்த்து, சுளுக்கு வழித்து எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால், எலும்பின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. 'கேன்சரா இருக்குமோ?' என்று வீடே கலங்கிவிடும்.

அது மெலோரியோஸ்டோசிஸாகவும் இருக்கலாம். சுமார் 10 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் எலும்பு தடிப்பு நோய் இது. புற்றுநோய் அல்ல. 1922-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் லெரி, ஜோவானி இருவரும் இதை முதலில் விவரித்தார்கள்.

2011 தானே புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தியோடு ராத்திரிகளை ஓட்டிய கடலூர்க்காரர்களுக்கு இந்த எக்ஸ்ரேயை விளக்கவே வேண்டாம். வத்தியின் ஒரு பக்கமாக மெழுகு வழிந்து கெட்டியாகி நிற்குமே, அதே உருவம்தான். பல நேரம் மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்கும் அது இறங்கியிருக்கும்.

எலும்போடு நிற்பதில்லை

பக்கத்துத் தோல், தசை, தசைநார் எல்லாம் தடித்து இறுகலாம். மூட்டு மடங்கியபடியே நின்றுவிடுவது இதனால்தான். குழந்தைகளிடம் சில சமயம் தோல் இறுக்கம் முதலில் வரும், எலும்பு மாற்றம் பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் விட்டுவிடக் கூடாது. இறுக்கம் தொடர்ந்தால் மறுபடி காட்டுங்கள்.

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 2018-ல் வெளியான ஆய்வில், 15 நோயாளிகளில் 8 பேரின் பாதித்த எலும்பில் MAP2K1 என்ற, அதாவது 'மேப்-2-கே-1' மரபணுவில் மாற்றம் தெரிந்தது. அவர்களின் ரத்தத்தில் அது இல்லை! பரம்பரையாக வருவதும் இல்லை.

எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ., போன் ஸ்கேன் எடுப்பார்கள். எலும்புக் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தால் மட்டுமே பயாப்ஸி. தர்மபுரி பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாகி வரும் எலும்பு தடிப்பு வேறு: அது முதுகெலும்பு, இடுப்பு என்று இரண்டு பக்கமும் பரவும். இது பெரும்பாலும் ஒரே கை அல்லது ஒரே காலில்தான்.

முழுசா குணமாக்கும் மருந்து இல்லை. வலி மாத்திரை, பிஸ்பாஸ்போனேட் மருந்து, பிசியோதெரபி, தேவைப்பட்டால் ஆபரேஷன். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (பழைய ராஜா முத்தையா), புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். தடிப்பு எவ்வளவு மெதுவாக வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றை வைத்துத்தான்.