டவல் கம்பி ஏன் ஆடுது?

எங்க வீட்டு பாத்ரூம்ல டவல் மாட்டுற கம்பி ரெண்டு தடவை சுவத்துலேர்ந்து கழண்டு வந்துடுச்சு. ரெண்டு தடவையும் மாட்டிக் குடுத்தவரைத்தான் திட்டினேன். மூணாவது தடவைதான் விஷயம் புரிஞ்சுது. பாட்டி அதைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்காங்க. அதுக்கு முன்னாடியே ரெண்டு முறை விழுந்திருக்காங்க, யார்கிட்டயும் மூச்சு விடல. கேட்டதுக்கு, "சொன்னா என்னைத் தனியா கோயிலுக்கு விட மாட்டீங்களே"ன்னாங்க.

அவங்க பயந்ததுல தப்பே இல்ல. ஒருத்தர் விழுந்துட்டா நாம சொல்ற முதல் வார்த்தை, "இனிமே பேசாம ஒரே இடத்துல உட்காருங்க" என்பதுதான். நடக்காம இருந்தா கால் தசை வலு குறையும். அப்புறம் அதுவே அடுத்த தடவை விழக் காரணமாகும்.

அதனால "விழுந்தீங்களா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. நடக்கும்போது தடுமாறுதா, விழுந்துடுவோம்னு பயமா இருக்கான்னும் கேளுங்க. சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கறாங்களான்னு கவனிங்க.

வீட்டிலேயே செய்யற ஒரு டெஸ்ட் இருக்கு. கைப்பிடி வச்ச நாற்காலி, மொபைல்ல ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். எழுந்து, வழக்கமான வேகத்துல 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 விநாடியோ அதுக்கு மேலயோ ஆனா டாக்டரைப் பார்க்கணும். நீங்க பக்கத்துலயே நடங்க. பாட்டிக்கு 19 ஆச்சு. திரும்புற இடத்துலதான் ரொம்பத் திணறினாங்க.

டாக்டர்கிட்ட போகும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில அள்ளிட்டுப் போங்க. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டுமே தள்ளாட வைக்கலாம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ன பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 புள்ளியோ அதுக்கு மேலயோ இறங்கினா, கட்டில்லேர்ந்து சட்டுனு எழுந்தா தலைசுத்தி விழறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். ஆனா நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.

வீட்டுல முதல் செலவு பாத்ரூமுக்கு. டாய்லெட் பக்கத்துல, உடம்பு எடையைத் தாங்குற மாதிரி சுவத்துல துளை போட்டு இறுக்கின கைப்பிடி வேணும். ரப்பர் கப் வச்சு ஒட்டுறது நம்பற விஷயமில்ல. ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட். நழுவுற கால்மிதியை எடுத்துடுங்க.

பாட்டி இப்ப பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தபடி நாற்காலியில உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்யறாங்க. கோயிலுக்குத் தனியாத்தான் போறாங்க. அடி தேஞ்ச செருப்பை மட்டும் நான் தூக்கிப் போட்டுட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரல.