ஆயிரம் கெஜம் தள்ளி நில்லுங்கள்

சான் ஹுவான் தீவை ஒட்டிய கடலில் திடீரென ஒரு கறுப்புத் துடுப்பு ஆறடி உயரத்துக்கு எழும்பும். கொலையாளித் திமிங்கலம் எனப்படும் ஓர்காவில், வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பு அது. பார்த்ததும் படகை அந்தப் பக்கம் திருப்பத்தான் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அது குற்றம். அங்கு வாழும் ‘தென்வாசி’ ஓர்காக்களை 1000 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 914 மீட்டருக்குள், எந்தப் படகும் நெருங்கக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. துடுப்புப் படகுக்கும் விலக்கில்லை.

எதற்கு இத்தனை தூரம்? படகு மோதிவிடும் என்ற பயம் மட்டும் காரணமல்ல.

ஓர்கா காதால் வேட்டையாடும் விலங்கு. கலங்கிய, இருண்ட ஆழத்தில் ‘க்ளிக், க்ளிக்’ என்று ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கும். தென்வாசிகளுக்குப் பிடித்த இரை சினூக் சால்மன். அந்த மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை எதிரொலியைப் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் வேகமாகப் போகும் படகின் விசிறி இரைச்சலில் அந்த மெல்லிய எதிரொலி அமுங்கிவிடும். ஓர்காக்களின் உடலில் உறிஞ்சிப் பிடிக்கும் பதிவுக் கருவிகளை ஒட்டி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். படகுகள் 400 கெஜத்துக்குள் வந்தபோது பெண் ஓர்காக்கள் இரை தேடுவதைப் பாதியில் விட்டுவிடுவது அதிகமாக இருந்தது. குட்டியைச் சுமப்பதும் பாலூட்டுவதும் இந்தப் பெண்கள்தான்.

ஜே, கே, எல் என்ற மூன்று கூட்டங்களையும் சேர்த்தாலும் தென்வாசிகள் எண்பதுக்கும் குறைவு. 2005 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கின்றன. சால்மன் குறைந்துவிட்டது, கடல் நீரில் நச்சு கலந்திருக்கிறது. கிடைக்கிற கொஞ்ச மீனையும் இரைச்சல் கைநழுவ வைக்கிறது. 2018இல் தஹ்லெக்வா என்ற தாய், பிறந்ததும் இறந்த தன் குட்டியை 17 நாட்கள் தலையால் தாங்கிச் சுமந்து நீந்தியதை உலகமே பார்த்துக் கலங்கியது.

அதே கடலில் கடல்நாய்களை வேட்டையாடும் வேறு வகை ஓர்காக்களும் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் எது எதுவெனத் தெரியாது. அதனால் எந்த ஓர்காவானாலும் 1000 கெஜம் விலகி நிற்பதே நல்லது. அரைக் கடல் மைலுக்குள் வந்துவிட்டால் வேகம் மணிக்கு 7 கடல் மைலைத் தாண்டக் கூடாது. மீன் தேடும் ஒலிக்கருவியை அணைத்துவிட வேண்டும். எதிர்பாராமல் அருகிலேயே துடுப்பு எழும்பினால், கியரை நியூட்ரலுக்கு மாற்றி அவை கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.

கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு சான் ஹுவான் தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பூங்கா இருக்கிறது. அங்கே பாறைமேல் உட்கார்ந்திருந்தால், சில நாட்களில் ஓர்காக்கள் கரையை ஒட்டியே போகும். அவை மூச்சு விடும் ‘புஸ்’ என்ற சத்தம்கூடக் காதில் விழும்.