சில வேளை மட்டும் தகராறு செய்யும் கியர்

மலைத் தோட்டங்களில் ஏலமும் காப்பியும் பயிரிடும் அங்கத்தினர் பலர் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளை இன்றும் பேணி வருகின்றனர். இவற்றில் கியர் அறவே விழாவிட்டால் பழுதைக் காண்பது எளிது. காலையில் விழ மறுத்த கியர், பட்டறைக்குக் கொண்டுபோனதும் ஒழுங்காக விழுவதுதான் சங்கடம். அப்போது கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரித்துவிடுகின்றனர். செலவு ஏறுகிறது, குறையோ நீங்குவதில்லை.

பாவு இழை அடிக்கடி அறுந்தால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. அச்சையும் விழுதையும் நாடாவையும் முறையே பார்க்கிறார். வண்டிக்கும் அதுவே முறை. கியர்ப்பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

முதற்கண், தகராறு நேரும் வேளையை டிரைவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? வண்டி நின்றதா, ஓடியதா? எந்தக் கியர்? நான்கு சக்கர இயக்கம் போடப்பட்டிருந்ததா? இவ்விடைகளே பழுதின் இருப்பிடத்தைக் காட்டும்.

பழுதல்லாத ஒன்றையும் அறிதல் வேண்டும். 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் இந்தியாவில் மகீந்திரா நிறுவனம் தயாரித்த வில்லிஸ் சி.ஜே.3பி ஜீப்பின் மூன்று கியர்ப் பெட்டியில், 2, 3 ஆம் கியர்களுக்கே பல்வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையங்கள் உண்டு. ஓடும் வண்டியில் முதற் கியரைத் தள்ளினால் பல் கடகடப்பது இயல்பே. வண்டியை நிறுத்திய பின்பே அதனைப் போட வேண்டும்.

அடுத்து, காசு செலவில்லாத ஒரு பரீட்சை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை மாற்றிப் பாருங்கள். அப்போது எளிதில் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுத்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்பது பொருள். இவ்வகை ஜீப்பில் கிளட்ச் மிதியின் வெற்று ஆட்டம் சுமார் 1 அங்குலம் இருக்கலாம். மிகுந்தால் கிளட்ச் விடுபடாது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்து எஞ்சின் அசைந்தாலும் இந்த ஆட்டம் மாறும். ஆகவே தகராறும் வந்து வந்து போகும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டியில், மிதியை இருமுறை மிதித்தபின் கியர் விழுமாயின், குழாயில் காற்றோ கசிவோ இருக்கலாம்.

எஞ்சினை நிறுத்தியும் கியர் கடினமாயிருந்தால், எண்ணெயின் அளவையும் தரத்தையும் பாருங்கள். குளிர்காலையில் மட்டும் இறுகி, சிறிது தூரம் ஓடியபின் இளகினால், எண்ணெய் தடித்ததாயிருக்கலாம். ஜி.எல்.5 வகை எண்ணெயிலுள்ள சில சேர்மானங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் கண்ட வகையையே ஊற்றுக.

நான்கு சக்கர இயக்கத்தின் நெம்புகோல் மட்டும் சிக்கிக்கொண்டால் அது பெரும்பாலும் பழுதன்று. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருளுகின்றன. தார்ச்சாலையில் சக்கரம் சறுக்க வழியின்மையால், அந்த வேறுபாடு தண்டுகளில் முறுக்காகத் தேங்கி நெம்புகோலை இறுக்குகிறது. சில கெஜம் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும். முன்பின் டயர்கள் ஒரே அளவினவாயிருத்தல் அவசியம். உலர்ந்த தார்ச்சாலையில் இவ்வியக்கம் கூடாது.

ஒன்றில் மட்டும் தாமதம் ஆகாது. இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றால் எஞ்சினின் தடுப்பு அற்றுப்போய், சுமை முழுவதும் பிரேக்கின் மீது விழும். பெட்டியை இறுக்கும் போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை சரியாயிருந்தால், தேய்ந்த பற்களும் வலுவிழந்த நிறுத்து வில்லும் காரணமாகலாம். அப்போது பெட்டியைத் திறப்பதே முறை. பழுது தீரும்வரை அவ்வண்டியில் சுமையேற்றி மலையிறங்குதல் கூடாது.

குறிப்பேட்டுடன் பட்டறைக்குச் செல்லும் அங்கத்தினர், வேண்டிய வேலைக்கு மட்டுமே கூலி கொடுப்பார். சிக்கனமும் உயிர்ப் பாதுகாப்பும் அதில் ஒருங்கே அடங்கியுள்ளன.